மகனுக்கு, அவன் வளர்க்கும் பூனைக்குட்டி குறித்து

அன்புள்ள இளங்கோ,

பூனைக்குட்டி, கழிப்பதற்கென்று நீ வைத்த ட்ரேயில் பாதியும் தரையில் பாதியுமாக மலம் கழிக்கிறது, கழித்ததை மூடாமல் அதையே மிதித்துக்கொண்டு வீடெங்கும் நடக்கிறது, போதாக்குறைக்குக் குளியலறை வாசலில் கிடக்கும் மிதியடியையும் நனைத்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். இரண்டு மாதக் குட்டியிடம் இவையெல்லாம் இருப்பது இயல்புதான், அவை எனக்குக் கவலை தரவில்லை. அதை யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தாயே, அதுதான் மனத்தை உறுத்துகிறது. அவசரப்பட்டு எந்த முடிவும் எடுக்காதே. கால்நடை மருத்துவராக இத்தனை ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், மாற வேண்டியது குட்டியைவிட அதைச் சுற்றியுள்ள ஏற்பாடுகள்தாம்.

பிறந்த முதல் மூன்று வாரங்களுக்குப் பூனைக்குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது; தாய் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நக்கித் தூண்டினால்தான் வெளியேறும். நான்காம் வாரத்தையொட்டி, கால் பதியும் இளகிய மண்ணைக் கண்டால் தானே பறிக்கத் தொடங்கும். அந்தப் பருவத்தில் எந்தப் பரப்பில் பழகுகிறதோ அதைத்தான் பின்னரும் தேடும். உன் குட்டி, கட்டடம் கட்டுகிற இடத்து மணற்குவியலில் பிறந்து வளர்ந்தது. நீ ட்ரேயில் நிரப்பியிருப்பதோ வாசனை சேர்த்த பெரிய மர உருண்டைகள். அவை பாதத்தில் குத்துகின்றன, மூக்கை உறுத்துகின்றன. மிருதுவாகவும் ஈரத்தை உறிஞ்சுவதாகவும் இருப்பதால் மிதியடியே மேல் என்று அது முடிவு செய்திருக்கிறது.

ஆகையால் முதலில் மணலுக்கே திரும்பு. குவியலிலிருந்து அள்ளிவராதே, மற்றப் பூனைகள் புழங்கிய மணலில் புழு முட்டைகள் இருக்கும். கட்டுமானப் பொருள் கடையில் மூட்டையாக விற்கும் மணலைச் சலித்து, கழுவி, நல்ல வெயிலில் காயவைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பு. பழகிய பின்பு, பூனை ட்ரேயில் நிரப்புவதற்கென்றே விற்கும் ‘லிட்டர்’ துகள்களில் வாசனையில்லாத மெல்லிய வகையைச் சிறிது சிறிதாக அதனுடன் கலந்து, மணலின் அளவைக் குறைத்துக்கொண்டே வா. ஈரம் பட்டதும் கட்டியாக இறுகும் பெந்தோனைட் களிமண் வகையை, குட்டிக்கு நான்கு மாதம் ஆகும்வரை வாங்காதே. இந்த வயதில் கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் என்பதால், விழுங்கிய களிமண் குடலுக்குள் ஊறி அடைத்துக்கொள்ளக்கூடும்.

நீ அனுப்பிய படத்தில் இருக்கும் மூடி போட்ட ட்ரேயும் உதவாது. அதன் வாசல் குட்டியின் தலைக்கு மேல் இருக்கிறது. உள்ளே நாற்றமும் தேங்குகிறது. அகன்ற, விளிம்பு தாழ்ந்த பிளாஸ்டிக் பேசின் ஒன்று போதும், நுழையும் பக்கத்தில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் சரி. தரையில் பாதி விழுவதற்கும் இதுவே காரணம்: முன்கால்கள் மணலில் பட்டதும் தான் முழுவதும் உள்ளே வந்துவிட்டதாகக் குட்டி நினைத்துக்கொள்கிறது, பின்புறமோ விளிம்புக்கு வெளியே நிற்கிறது. உள்ளே சுற்றித் திரும்ப இடமிருந்தால் இது தானாக நின்றுவிடும். ஒரே குட்டியாக இருந்தாலும் இரண்டு பேசின்களை வெவ்வேறு இடங்களில் வை. துணி துவைக்கும் இயந்திரத்தின் அருகே வேண்டாம். அது அதிரத் தொடங்கும்போது மிரண்டு ஓடிய குட்டி மறுபடி அந்தப் பக்கமே வராது. உணவுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

அடுத்து நான் சொல்வதை வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடமும் தயவுசெய்து சொல்லிவிடு. குட்டி அசுத்தப்படுத்திய இடத்தை ஃபினாயில் ஊற்றித் துடைக்கக் கூடாது. ஃபீனால் வகை வேதிப்பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு. நமக்கும் நாய்க்கும் உள்ள அளவுக்கு அதற்குக் கிடையாது. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போய்விடும். டெட்டால் போன்ற கிருமிநாசினிகளும் ஆகாது. அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீரைப் போலவே மணப்பதால் குட்டியை அதே இடத்துக்கு மறுபடி அழைத்துவரும். கறையையும் நாற்றத்தையும் நொதிகளால் சிதைக்கும் என்சைம் கிளீனர் கிடைத்தால் மிகவும் நல்லது. கிடைக்காவிட்டால் இளஞ்சூட்டு நீரும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவி, உலர்ந்ததும் சமையல் சோடாவைத் தூவிச் சற்று நேரம் கழித்துத் துடை. மிதியடியைச் சிறிது காலத்துக்கு எடுத்து வைத்துவிடு.

குட்டியின் மூக்கை அசுத்தத்தில் வைத்துத் தேய்க்கும்படி உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை ஒருபோதும் செய்யாதே. எப்போதோ கழித்ததற்கும் இப்போது கிடைக்கும் தண்டனைக்கும் உள்ள தொடர்பு அதற்கு விளங்காது. உன் கையைக் கண்டு அஞ்சவும், கட்டிலுக்கு அடியில் மறைவாகப் போய்க் கழிக்கவும்தான் கற்றுக்கொள்ளும். உணவு உண்ட கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள்ளும், தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் அதைத் தூக்கிப் பேசினில் விடு. அதன் காலைப் பிடித்துப் பறிக்கவைக்காமல், உன் விரலால் மணலை இலேசாகக் கீறிக் காட்டினால் போதும். நாள்தோறும் நான்கு வேளை ஒரே நேரத்தில் உணவு வைத்தால், கழிக்கும் நேரமும் ஒழுங்குக்கு வந்துவிடும். நீ அலுவலகம் போகும் நேரத்திலும் இரவிலும், பேசின் இருக்கும் அறையிலேயே அது இருக்கட்டும். பழகப் பழக மற்ற அறைகளைத் திறந்துவிடலாம்.

மலம் இளகி ஒட்டுவதாகவும் எழுதியிருந்தாய், அதற்குப் பாலும் ஒரு காரணமாக இருக்கலாம். தாயை விட்டுப் பிரிந்த குட்டிகளுக்குப் பசும்பாலில் உள்ள சர்க்கரை பெரும்பாலும் செரிப்பதில்லை. பாலை இன்றே நிறுத்திவிட்டு, தண்ணீரும் குட்டிகளுக்கான உணவும் மட்டும் கொடு. உருண்டைப் புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்திருக்கவும் கூடும் என்பதால், அங்குள்ள மருத்துவரிடம் காட்டி, எடைக்கேற்பக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்கச் சொல். அப்போதே முதல் தடுப்பூசியையும் கேட்டுவிடு, அதற்கும் வயது வந்துவிட்டது. பாதத்தில் ஒட்டியதை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்து, முழுக்கக் குளிப்பாட்டாதே. அதன் உடல் சூடு விரைவில் இறங்கிவிடும். மலத்தில் இரத்தம் தென்பட்டாலோ, வாந்தியுடன் சோர்ந்து படுத்தாலோ, சிறுநீருக்காகத் திரும்பத் திரும்ப முக்கியும் எதுவும் வராவிட்டாலோ, மறுநாள்வரை காத்திருக்காதே.

அடுத்த மாதம் அக்கா அங்கே வந்து தங்கப்போகிறாள் அல்லவா? கர்ப்பமாக இருக்கும் அவள் பேசினைத் தொட வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மலத்தில் இருந்தாலும், அது பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். நீ காலையும் மாலையும் அள்ளிவிட்டுச் சோப்பால் கைகழுவினால், அவள் அஞ்சாமல் குட்டியுடன் விளையாடலாம். அவள் வரும் முன்பே பேசின்களை வாரம் ஒருமுறை காலிசெய்து கழுவும் வழக்கத்தைத் தொடங்கிவிடு. மருத்துவரிடம் போகும்போது அன்றைய மலத்தில் கொஞ்சத்தை மூடியுள்ள சிறு டப்பாவில் எடுத்துப் போ, அவர் சோதித்துச் சொல்வதை அன்றிரவே எனக்குத் தொலைபேசியில் தெரிவி.

அன்புடன்,
அம்மா