கொத்தமல்லி கறுத்தது எதனால்?

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கொத்தமல்லி கறுத்துக் கூழாகிக் கிடக்கிறது, வெண்டைக்காயில் புள்ளி, தக்காளியில் சுருக்கம். "பிரிட்ஜ் ரிப்பேரா அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். பிரிட்ஜ் மேல் பழி போடாதே. பெரிய மார்க்கெட்டில் கொடுத்த கவரை முடிச்சுகூட அவிழ்க்காமல் அப்படியே உள்ளே தள்ளியிருக்கிறாய், அதுதான் போட்டோவிலேயே தெரிகிறதே. போனில் சொன்னால் பாதி உனக்கு மறந்துபோகும். அதனால் எழுதுகிறேன், பத்திரமாக வை.

பறித்த பிறகும் காய் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். மூச்சோடு சூடும் நீராவியும் வெளியே வரும். கவர் கட்டியிருந்தால் அந்த ஆவி உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்து, திரும்ப இலைமேலேயே சொட்டும். நீர் நிற்கும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும், அழுகல் தொடங்கும். சரி, கவரே வேண்டாம் என்று திறந்து வைத்தால், பிரிட்ஜுக்குள் சுற்றும் வறண்ட காற்று காயின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கேரட் வளைகிறது, கீரை துவள்கிறது என்றால் அதுதான் காரணம். ஆக, காயின் மேலே ஈரம் இருக்கக் கூடாது, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகக் கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்வது பழைய பருத்தித் துணி. வெளியே வரும் ஆவியை அது வாங்கிக்கொள்ளும், வறண்ட காற்று நேரே காய்மேல் படாமலும் தடுக்கும். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து எட்டுத் துண்டாக்கி அம்மா எடுத்து வைத்திருக்கிறாள், இந்தக் கடிதத்தோடு வரும்.

கடையில் கீரைக்கட்டின் மேல் தண்ணீர் தெளிப்பது எங்கள் தொழில். பச்சையாகத் தெரிய வேண்டும், துவளக் கூடாது. வீட்டுக்குப் போனதும் அதை உலர்த்துவது வாங்கியவர் வேலை. வாங்கி வந்தவுடன் எதையும் பிரிட்ஜில் ஏற்றாதே, கழுவவும் செய்யாதே. துணியை விரித்து எல்லாவற்றையும் பரப்பி, பேன் காற்றில் அரை மணி நேரம் விடு. வெயில் சூடும் இறங்கும், மேல் ஈரமும் காயும். அந்த நேரத்தில் நசுங்கியது, கீறல் விழுந்தது, புழுத்தது மூன்றையும் பொறுக்கித் தனியே வை. அன்றைய குழம்பு அதில்தான்.

கொத்தமல்லிக்கு வருகிறேன். கட்டியிருக்கும் வாழைநாரை அறுத்து எறி. மஞ்சள் இலை, அழுகின இலை ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஒன்று இருந்தால் மறுநாள் பத்தாகும். வேரை நறுக்கிவிடு. கையில் எடுத்து உதறினால் சரசரவென்று இருக்க வேண்டும். இலைகள் ஒன்றோடொன்று ஒட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பப் பேனுக்குக் கீழே போடு. மூடி உள்ள டப்பாவில் இரண்டாக மடித்த துணியை விரித்து, அதன்மேல் கொத்தமல்லியைத் தளர்வாக, டப்பாவில் பாதி அளவுக்கு மட்டும் வை. அழுத்தாதே. மேலே இன்னொரு துணி போட்டு மூடு. மூன்றாம் நாள் திறந்து துணியைத் தொட்டுப் பார், நமத்திருந்தால் மாற்று. இப்படி வைத்தால் பத்து நாள் தாராளமாக வரும். புதினாவுக்கும் இதே முறை. கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி வை. முருங்கைக்கீரை மட்டும் எதற்கும் மசியாது. மறுநாளே உதிர்ந்து பழுத்துவிடும், வாங்கிய அன்றே உருவிச் சமைத்துவிடு. அரைக்கீரை, சிறுகீரை வேர் நறுக்கித் துணியில் சுற்றினால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று.

பச்சைமிளகாயில் பூஞ்சை காம்பில்தான் முதலில் பிடிக்கும். காம்பைக் கிள்ளிவிட்டு, துணி விரித்த டப்பாவில் போட்டால் இரண்டு வாரம் விறைப்பாக இருக்கும்.

நீ தவறுகிற இடம் இன்னொன்று இருக்கிறது. எல்லாக் காய்க்கும் குளிர் ஆகாது. கத்தரி, வெண்டை, வெள்ளரி, தக்காளி, வாழை, மாங்காய் எல்லாம் வெயில் ஊர்ப் பயிர்கள். சுமார் 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் அவற்றுக்குக் குளிரே காயம். கத்தரித் தோலில் குழி விழும், உள்ளே விதை பழுப்பாகும். வெள்ளரி வழவழக்கும். வாழைப்பழத் தோல் கறுக்கும். அதற்காகச் சித்திரை வெயிலில் உன் வீட்டு மேடையிலும் வைத்துவிட முடியாது, 35 டிகிரியில் அதுவே வெந்துபோகும். நடுவழி இதுதான்: கத்தரி, வெண்டை, வெள்ளரியைக் கழுவாமல் துணியில் சுற்றி, பிரிட்ஜின் அடியில் இருக்கும் காய்கறி டிரேயில் வைத்து, வாங்கிய மூன்று நாளுக்குள் தீர்த்துவிடு. வாரத்தின் முதல் பாதியில் வெண்டை, கத்தரி, வெள்ளரி, கீரை. பின்பாதியில் கோஸ், கேரட், பீட்ரூட். கடைசி நாளில் கிழங்கு, பூசணி. ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கோஸ் பொரியலும் சனிக்கிழமை வெண்டைக்காய் வதக்கலும் செய்கிற வீட்டில்தான் குப்பைக்கூடை நிறையும்.

தக்காளி செங்காயாக இருந்தால் வெளியில், ஒற்றை அடுக்காக, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வை. தோல் வழியாகத் தண்ணீர் அவ்வளவாகப் போகாது, காம்பு கழன்ற வடுவின் வழியாகத்தான் போகும். நன்றாகப் பழுத்தபின் பிரிட்ஜுக்கு மாற்றலாம், இரண்டு மூன்று நாள் தாங்கும்.

உருளைக்கிழங்கைப் பிரிட்ஜில் வைக்காதே. குளிரில் மாவு சர்க்கரையாக மாறும். வறுத்தால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். வெளிச்சத்திலும் வைக்காதே, தோல் பச்சையாகிவிடும். பச்சை கண்ட கிழங்கில் கசப்பும் நஞ்சும் சேர்ந்தே இருக்கும், அந்தப் பகுதியை ஆழமாகச் சீவி எறி, முழுக்கப் பச்சை என்றால் கிழங்கையே எறி. வெங்காயத்தோடு ஒரே கூடையில் போடாதே, கிழங்கு விடும் ஈரத்தில் வெங்காயம் முளைவிடும்.

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஐந்து கிலோ சின்ன வெங்காயம் ஒரேயடியாக வாங்குவது வீண். காற்றில் இருக்கும் உப்பே ஈரத்தை இழுத்து வைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு மேல் வாங்காதே. மூங்கில் தட்டில் பரப்பு, குவிக்காதே. யூடியூபில் பார்த்துவிட்டு, பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈரமணல் போடலாமா என்று கேட்டிருந்தாய். வறண்ட ஊரில் அது நன்றாகக் குளிரும். தண்ணீர் ஆவியானால்தானே குளிர்ச்சி? நம் கடற்கரைக் காற்று ஏற்கெனவே ஈரம் குடித்த காற்று, அதில் ஆவியாவது குறைவு. கோடையில் மேல்காற்று அடிக்கும் முற்பகலில் கொஞ்சம் உதவும், அடைமழையில் உள்ளே இருப்பது முளைத்துவிடும்.

பழங்கள் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்தில் இருப்பதையும் பழுக்கவைக்கும், கீரையை மஞ்சளாக்கும், கேரட்டைக் கசக்கவைக்கும். ஆப்பிள், வாழை, சப்போட்டா, பப்பாளி, கொய்யா எதையும் காய்கறி டிரேயில் போடாதே. அதே வாயுவை நமக்கு வேலை செய்யவும் விடலாம். கெட்டியான சப்போட்டாவோடு பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் காகிதப் பையில் போட்டு மடித்துவை, இரண்டு மூன்று நாளில் கனிந்துவிடும். மாம்பழத்தை வெளியில் பழுக்கவிட்டு, பழுத்தபின் மட்டும் குளிரில் வை. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் சீசன் தொடங்கும் முன்பே ஒரே மஞ்சளாக மின்னும் பழத்தைப் பார்த்து மயங்காதே.

கேரட், பீட்ரூட், முள்ளங்கிக்குத் தழை இருந்தால் வந்ததும் நறுக்கு, தழைதான் கிழங்கின் தண்ணீரைக் குடிக்கும். துவண்ட கேரட்டைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டால் திரும்ப விறைக்கும். வாழைக்காயைத் தண்ணீரில் மூழ்க வைத்து, தினமும் தண்ணீர் மாற்று, பழுப்பது தள்ளிப்போகும். வாழைத்தண்டின் மேல்பட்டையைச் சமைக்கும்போது உரித்தால் போதும். உடைத்த தேங்காயில் கண் உள்ள மூடியை முதலில் துருவு, அதுதான் முதலில் கெடும். எலுமிச்சையை வெளியில் வைத்தால் ஒரு வாரத்தில் தோல் கல்லாகும், மூடிய டப்பாவில் பிரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் சாறு வற்றாது.

பீன்ஸ் மலிவாகக் கிடைத்தால் பிரீசரில் போடலாம், ஆனால் பச்சையாகப் போட்டால் நாள்பட நிறமும் மணமும் போய் வைக்கோலாகிவிடும். நறுக்கி, கொதிக்கும் தண்ணீரில் 3 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் 3 நிமிடம். வடித்துத் துணியில் ஒற்றி, தட்டில் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் அள்ளு. பச்சைப் பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம் போதும்.

பிரிட்ஜின் குளிர் 4 டிகிரியில் நிற்கட்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வைத்தால் தெரிந்துவிடும். புயல் வந்து கரண்ட் போனால் கதவைத் திறந்து திறந்து பார்க்காதே. திறக்காத பிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். நிறைந்த பிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. 2011-இல் வந்த 'தானே' புயலுக்குப் பிறகு நம் கடலூரில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று உனக்குத் தெரியும். அதனால் புயல் அறிவிப்பு வந்தால் பூசணி, சேனை, உருளை வாங்கு, கீரை வாங்காதே.

தக்காளி, திராட்சை, கத்தரி போல மெத்தென்ற எதிலும் பூஞ்சை கண்டால் முழுதாக எறி, வேர் உள்ளே ஓடியிருக்கும். கோஸ், கேரட் மாதிரி கெட்டியானதில் சுற்றி ஒரு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் பண்ருட்டிப் பலாச்சுளை கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் கொட்டையை எடுத்துவிட்டு, பாதியைப் பிரிட்ஜில் இறுக மூடி வை, நான்கு நாளில் தீர்த்துவிடு. மூடி தளர்ந்தால் பால் முதல் வெண்ணெய் வரை பலா மணக்கும். மீதியைத் தட்டில் ஒட்டாமல் அடுக்கிப் பிரீசரில் உறையவிட்டுப் பையில் போடு. கொட்டையை எறியாதே. வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் ஒரு நாள் உலர்த்திக் காய்ந்த மணலில் புதைத்துவை, சாம்பாருக்கு ஆகும். டப்பாவை மட்டும் மறக்காமல் திருப்பி அனுப்பு, போன தடவை அனுப்பியதையே அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா
திருப்பாதிரிப்புலியூர்