வெயிலில் நின்றால் நிறம் வந்துவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் இளையோர் பகுதியில் வந்த நண்பர்கள் அரட்டையை ரசித்துப் படித்தேன். பால்போல் வெளுத்த தோழியை ‘டியூப்லைட்’ என்று கூட்டாளிகள் சீண்டுவதும், “கரண்ட் போனா என்னைத்தானே தேடுவீங்க” என்று அவர் திருப்பிக் கொடுப்பதும் நம் தோட்டப்புறப் பிள்ளைகளின் பேச்சேதான். கிண்டலில் குறையில்லை. ஆனால் இடையில் ஒருவர், “நாலு நாள் திடல்ல நில்லு, எங்க கலருக்கு வந்திடுவே” என்கிறார். அதை மட்டும் அப்படியே விட மனம் வரவில்லை.

வெயில் பட்டுத் தோல் கறுப்பது மெலனின் என்ற நிறமியால். மிகவும் வெளுத்த தோலில் அது கொஞ்சம்தான். நிறமிக் குறைபாடான ஆல்பினிசத்தோடு பிறந்தவர்களுக்கு அறவே இல்லாமலும் போகலாம். அந்தத் தோல் கறுக்காது. சிவந்து, எரிந்து, கொப்புளித்து உரியும். எரிச்சலின் உச்சம் பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும் என்பதால், திடலில் நிற்கும்போது பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றும். பல ஆண்டுகள் இப்படித் தொடர்ந்தால் தோல் புற்றுநோய்வரை கொண்டுபோய் விடும். தலைமுடியும் வெளுத்து, வெளிச்சத்தில் கண் கூசி, கண்மணிகள் தாமாக ஆடினால் ஆல்பினிசமா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அது பிறவியில் வருவது, ஒட்டிக்கொள்ளாது.

நம் ஊரில் நேரக் கணக்கையும் சரியாகப் பிடிக்க வேண்டும். 1982-இல் மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்தள்ளப்பட்டது. அதனால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒன்றேகால் வாக்கில். பல பள்ளிகள் விடுவதும் ஏறக்குறைய அப்போதுதான்! பால்மர (ரப்பர்) காட்டு வழியே நடந்தால் நிழலாவது உண்டு. செம்பனை மறுநடவு செய்த பக்கம் கன்றுகள் வளரும்வரை ஒதுங்க இடமில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமெல்லாம் ஆபத்தான நேரம். மெல்லிய மேகத்தை நம்பவே கூடாது, புற ஊதாக் கதிர் அதைத் தாண்டி வந்துவிடும்.

சன்ஸ்கிரீன் பூசியும் எரிகிறதே என்பவர்கள் பெரும்பாலும் பொட்டு வைப்பதுபோல் பூசுகிறவர்கள். பெரியவருக்கு முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தேக்கரண்டி, கைக்கு ஒன்று வீதம் இரண்டு, ஆக 15 மில்லி வேண்டும். வெளியே போவதற்குக் கால் மணி முன்பு பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும். வியர்த்துத் துடைத்தால் அதற்கும் முன்பே. எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவெண்) 30 சரியாகப் பூசினால் எரிக்கும் கதிரில் 97 விழுக்காட்டைத் தடுக்கும், 50 என்றால் 98. அதனால் எண்ணைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுப்பதைவிட அளவைக் கூட்டுவது மேல். பிடரியும் காது மடலும் பூசுகிறவர் கண்ணுக்குத் தெரியாது, கூட்டாளிகள் பார்த்துப் பூசிவிடலாம். மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் டியூப்பை வைத்தால் சூட்டில் கெட்டுவிடும்.

இந்தக் கணக்கில் 50 மில்லி டியூப் மூன்று தடவைக்குத்தான் வரும். தோட்டக் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது. ஆகவே முதலில் துணி, துணிக்கு வெளியே தெரிகிற இடத்துக்கு மட்டும் கிரீம். நெருக்கமாக நெய்த, அடர்நிற நீளக்கைச் சட்டை நல்லது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற துணி உதவாது. நனைந்த வெள்ளை டீ-சட்டையும் அப்படித்தான். சாதாரணத் தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும், சுற்றிலும் மூன்று அங்குல விளிம்பு வேண்டும். மோட்டாரில் போகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டுவது கைக்கு நல்ல மறைப்பு, ஆனால் பிடரி திறந்தே கிடக்கும்.

எரிந்த இடத்தில் பற்பசை, எண்ணெய், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியே போதும்; கொப்புளத்தை உடைக்காதீர்கள். நான்கு வாரமாகியும் ஆறாத புண்ணை உடனே கிளினிக்கில் காட்டுங்கள்.

ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: இப்படி வெளுத்த தோலுள்ள பிள்ளைக்குச் சீருடையில் நீளக்கையும், திடலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அனுமதியுங்கள். ஆல்பினிசம் உள்ளவர்களுக்குப் பார்வைக் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தெளியாது, வகுப்பில் முன்வரிசை கொடுங்கள். விளையாட்டுப் போட்டிப் பயிற்சியைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்