மேஜர் தாத்தாவின் 43 கடிதங்கள்: நன்கொடை வேண்டுகோள்

கோட்டூர்புரம் குடியிருப்பு நண்பர்களுக்கு வணக்கம்.

"இவ்விடம் க்ஷேமம்." 1965 செப்டம்பர் 12 தேதியிட்ட இன்லண்ட் லெட்டர் ஒன்று இப்படித்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தின நாள்தான், இந்திய-பாகிஸ்தான் போரில், சியால்கோட் முனையில் பில்லோரா சண்டை. எழுதியவர் 16-ஆம் குதிரைப்படையில் அப்போது கேப்டன்; நமக்கெல்லாம் மேஜர் தாத்தா. பாட்டி அன்று கைக்குழந்தையோடு திருவல்லிக்கேணியில், புகுந்த வீட்டில் இருந்தார்.

குதிரைப்படை என்றால் குதிரை எங்கே என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் மதராஸ் குதிரைப்படையாக இருந்த ரெஜிமென்ட் அது. குதிரை போய் டாங்கி வந்தது, பெயர் அப்படியே நின்றுவிட்டது. தாத்தா ஏறியது சென்சூரியன் டாங்கி. 1965-இல் தரைப்படைத் தளபதியாக இருந்த ஜே.என். சௌத்ரி, இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இதே ரெஜிமென்டை நடத்தியவர். இதைத் தாத்தா வாயால் கேட்காதவர் நம் பிளாக்கில் இருக்க முடியாது.

அந்தக் கடிதத்தில் சண்டை பற்றிப் பேச்சே இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, எல்ஐசி பிரீமியம் கட்டியாயிற்றா, பக்கத்து வீட்டுச் சுவரில் சாயும் முருங்கைக் கிளையை வெட்டினார்களா, இவ்வளவுதான். இடத்தின் பெயர் எழுதக் கூடாது. முகவரி வெறும் 56 ஏபிஓ என்ற ராணுவ அஞ்சலகம். கடைசியில் மட்டும், சுற்றிலும் கரும்புக் கொல்லை, ஒடித்துக் கடிக்கத்தான் நேரமில்லை என்று ஒரு வரி. பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம். டாங்கியோடு ஒரு மனுஷன் கரும்புக்குள் எதற்கு நிற்பார் என்று அப்போதே புரிந்துவிட்டதாம். மாமியாரிடம் மூச்சு விடவில்லை.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் தரைத்தளத்துக்குள் வந்தபோது இந்தக் கடிதங்கள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்தன. பால்பாயின்ட்டில் எழுதியவை தப்பின. ராயல் புளூ மையில் எழுதியவை மேகம்போல் கலங்கிவிட்டன. வெயிலில் உலர்த்தி அயர்ன் செய்ததில் பல தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மிச்சத்தை ராமபாணப் பூச்சி பார்த்துக்கொண்டது, அந்துருண்டை போட்டும்.

லேமினேஷன் செய்தால் போதாதா என்கிறார்கள். கூடவே கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் ஒருமுறை பிடித்தால் தாளை விடாது. மெல்ல ஈரப்பதம் ஏற்றிப் பிரித்து, கிழிந்த இடத்தில் ஜப்பானிய மெல்லிய தாளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டி, பிறகு ஸ்கேன் எடுத்து, அமிலமில்லாத உறையில் வைக்க வேண்டும். ஆவணப் பராமரிப்பு தெரிந்தவர் ஒருவர் செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மொத்தச் செலவு ரூ.1,80,000. இதுவரை சேர்ந்தது ரூ.62,000. ஸ்கேன் பிரதிகள் நம் வாசகசாலையில் இருக்கும்; அசல் பாட்டியிடமே திரும்பும். 43-இல் இரண்டை அவர் எங்களுக்குக் காட்டவேயில்லை. அவற்றைப் பழுதுபார்ப்பவர் மட்டும் தொடுவார், ஸ்கேன் கிடையாது.

ரூ.100 ஆனாலும் சரி, சங்க அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஜிபே செய்வோருக்கு நோட்டீஸ் போர்டில் க்யூஆர் ஒட்டியிருக்கிறோம். நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை நமக்குக் கிடையாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு மாதாமாதம் அதே போர்டில் வரும்.

பணம் தர முடியாத பெரியவர்கள் ஞாயிறு காலை வாசகசாலைக்கு வந்து கடிதங்களைப் படித்துச் சொல்லுங்கள். தாத்தாவின் கையெழுத்தில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கைபோல் வளைந்த ‘லை’யும் ‘னை’யும் வரும் இடமெல்லாம் எங்கள் குழுவின் இளசுகள் திணறுகிறார்கள்.

கடிதப் பாதுகாப்புக் குழு