டைம்டேபிள்ல எழுதின நேரத்துக்கு கரண்ட் குடுங்க: எங்க ஏரியா மின்சார ஆபீஸுக்கு ஒரு திறந்த மடல்

ரங்கூன்ல எங்க ஏரியா மின்சார ஆபீஸ் லூஜீமின், அதாவது பெரியவர் அவர்களுக்கும், அங்க வேலை பாக்குற சயா, சயாமா, அதாவது ஐயா, அம்மா எல்லாருக்கும் மிங்கலாபா, வணக்கம்.

இத ஏன் தமிழ்ல எழுதுறேன்னு மொதல்லயே சொல்லிடறேன். பர்மீஸ்ல மூணு தடவ எழுதி நேர்ல வந்து குடுத்தாச்சு. மூணாவது தடவ வாங்கின பொண்ணு, ஏற்கனவே நான் குடுத்த ரெண்டு லெட்டர் மேலயே இதையும் வெச்சு, அதுக்கு மேல டீ கிளாஸ வெச்சுச்சு. நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். தப்பு சொல்லல, உங்க ஆபீஸ்ல ஃபேன் ஓடுச்சு, பேப்பர் பறக்காம இருக்க வெயிட்டு வேணும்ல. சரி பர்மீஸ்ல எழுதினதுக்கே இதுதான் கதின்னா, என் தாய்மொழியிலயே எழுதிட்டுப் போறேன், படிக்காம வெக்கிறதுக்கு எந்த பாஷையா இருந்தா என்ன. ரங்கூன்ல தமிழ் படிக்கத் தெரிஞ்ச நாலு பேராவது இதப் படிப்பாங்க, அதுல ஒருத்தருக்கு உங்க ஆபீஸ்ல தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க, அப்படியாவது காதுல விழட்டும்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். நீங்க ஒட்டின டைம்டேபிள்தான். மொத நாள் காலைல அஞ்சுல இருந்து ஒம்போது, சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒம்போது. ரெண்டாவது நாள் பகல் ஒம்போதுல இருந்து ஒண்ணு, ராத்திரி ஒம்போதுல இருந்து ஒண்ணு. மூணாவது நாள் மத்தியானம் ஒண்ணுல இருந்து அஞ்சு, நடு ராத்திரி ஒண்ணுல இருந்து விடியக்கால அஞ்சு. நாலு மணி நேரம் இருக்கும், எட்டு மணி நேரம் இருக்காது. எங்க அம்மா இத வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாங்க. நான் இருபத்தி நாலு மணி நேரம் கரண்ட் கேக்கல, அப்படி கேக்குற வயசெல்லாம் தாண்டியாச்சு. ஒரு நாளைக்கு மொத்தமா எழுதின எட்டு மணி நேரத்த எழுதின நேரத்துல குடுங்க, குடுக்க முடியலன்னா முந்தின நாளே முடியாதுன்னு சொல்லிடுங்க. இவ்வளவுதான் கேக்கறேன். கீழயும் இதையேதான் திரும்பத் திரும்ப எழுதப் போறேன், வேற ஒண்ணுமில்ல.

நடு ராத்திரி டர்ன் வர்ற அன்னிக்கு எங்க வீடு எப்படி இருக்கும்னு தெரியுமா. பன்னெண்டே முக்காலுக்கு அலாரம். நாங்க இருக்கிறது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, தண்ணி மோட்டார் போட்டாதான் மேல ஏறும். அதனால கரண்ட் வந்தவுடனே எட்டு வீட்டு மோட்டாரும் ஒண்ணா ஓடும், தெருவே மில்லு மாதிரி சத்தம் போடும். தெருவுல யாராவது ஒரு பய "மீ லாபீ", கரண்ட் வந்துடுச்சுன்னு கத்துவான், அது கேட்டா போதும், தூக்கத்துல இருக்கிற குழந்தகூட எந்திரிச்சு உக்காந்துடும். ரைஸ் குக்கர், ஃபோன், பவர் பேங்க், லேப்டாப், அயர்ன் பாக்ஸ், எல்லாம் அந்த நாலு மணி நேரத்துக்குள்ள. அதுக்கப்புறம் என் வேலை. அஞ்சு மணிக்கு படுத்து ஏழு மணிக்கு எந்திரிக்கணும். ஒன்றரை வருஷமா இப்படித்தான் தூங்கறேன். முதுகு வலி, தல சுத்தல்னு டாக்டர்கிட்ட போனா நல்லா தூங்குங்கன்னு சொல்றாரு. அவருக்கும் ஒரு டைம்டேபிள் குடுக்கலாம்னு நெனச்சேன், குடுக்கல.

இதுக்கெல்லாம் நான் லெட்டர் எழுதல. இதெல்லாம் பழகிடுச்சு. 2025 மார்ச் 28ஆம் தேதி நிலநடுக்கம் வந்து மாண்டலே பக்கம் வீடு வீடா விழுந்தப்ப, இங்க கரண்ட் போனதுக்கு நாங்க யாரும் வாயத் திறக்கல, அங்க உயிர் போகுது இங்க ஃபேன் இல்லன்னா பேச முடியும். ஆனா இப்ப மே மாசம் ஆச்சு, போன வாரம் நடந்தத சொல்லியே ஆகணும்.

எங்க அம்மாவுக்கு சுகர். பதினாலு வருஷமா. நாலு வருஷமா இன்சுலின். அடைச்சிருக்கிற குப்பிய ரெண்டுல இருந்து எட்டு டிகிரி குளிர்லதான் வெக்கணும்னு பெட்டியிலயே போட்டிருக்கு, திறந்தத வெளிய வெக்கலாம், ஆனா முப்பது டிகிரி தாண்டாம, அதுவும் ஒரு மாசம்போலதான். ரங்கூன்ல இந்த வெயில் காலத்துல வீட்டுக்குள்ள முப்பது டிகிரி எப்ப இருக்கும்? விடியக்கால நாலு மணிக்கு ஒருவேள இருக்கலாம். நாலு மணி நேரம் கரண்ட் ஒழுங்கா வந்தா ஃபிரிட்ஜ் நல்லா குளிர்ந்துடும், அடுத்த எட்டு மணி நேரம் கதவ திறக்காம சமாளிச்சுடலாம், நாங்க கணக்குப் போட்டு வெச்சிருக்கோம். கதவு மேல "தொடாதே"ன்னு தமிழ்லயும் பர்மீஸ்லயும் எழுதி ஒட்டியிருக்கு. ஆக இந்த வீட்டுக்கு நீங்க ஒட்டின டைம்டேபிள்தான் மருந்துச் சீட்டு மாதிரி.

போன திங்கள்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வரவேண்டிய கரண்ட் ஏழே காலுக்கு வந்துச்சு, ஏழு அம்பதுக்கு போயிடுச்சு. முப்பத்தஞ்சு நிமிஷம். செவ்வாய் பகல்ல வரவே இல்ல. ராத்திரி ஒம்போதுக்கு வரும்னு உக்காந்திருந்தோம், பத்து, பதினொண்ணு, வரல. ஃபிரிட்ஜ்ல கை வெச்சா அலமாரிக்குள்ள கை வெச்ச மாதிரி இருக்கு. நான் கீழ இறங்கி முக்கு கடைல ஐஸ் வாங்கிட்டு வந்து, ஒரு வாய் அகலமான ஃபிளாஸ்க்ல போட்டு, துணி சுத்தி ரெண்டு குப்பியையும் உள்ள வெச்சேன். காலைல பாத்தா துணி நழுவி ரெண்டும் ஐஸோட ஒட்டிக்கிட்டு கிடக்கு. ஒரு குப்பி உள்ள கட்டி கட்டியா இருந்துச்சு. சூடு ஆனா கெட்டுப்போகும்னு எல்லாருக்கும் தெரியும், ஒருதடவ உறைஞ்சாலும் அத தூக்கிப் போடவேண்டியதுதான், திரும்ப உருக வெச்சு போடக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சும் ரெண்டையும் கைல வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். இன்னொன்னு பாக்க தெளிவாதான் இருக்கே, அத போட்டா என்னன்னு யோசிச்சேன். அம்மாதான் "விட்றா பாப்பா, குப்பைல போடு"ன்னாங்க.

அப்புறம் கடை கடையா அலைஞ்சோம். இறக்குமதி கட்டுப்பாடு, டாலர் இல்ல, சரக்கு வரல, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா. ஏழாவது கடைல அதே மருந்து கிடைச்சது, விலை கேட்டா போன தடவ வாங்கினதுக்கு ரெண்டு மடங்குக்கு பக்கத்துல. அதுக்குள்ள ஒன்றரை நாள் ஊசி இல்ல, அம்மாவுக்கு சுகர் 380. அம்மா சிரிச்சுக்கிட்டே "நம்பர் பெருசாயிட்டே போகுது, கரண்ட் பில்லு மாதிரி"ன்னாங்க. எனக்கு சிரிப்பு வரல.

இப்ப கீழ்வீட்டு பர்மாக்கார ஆன்ட்டி ஒரு வழி சொல்லிக் குடுத்திருக்காங்க. தெருவோரம் தண்ணி பந்தல் மாதிரி போறவங்க வர்றவங்க குடிக்க மண்பானை வெப்பாங்கள்ல, அந்த மாதிரி ஒரு பெரிய பானை, அதுக்குள்ள ஒரு சின்ன பானை, நடுவுல ஈர மணல். சின்னதுக்குள்ள மருந்து, மேல ஈரத்துணி. ஃபிரிட்ஜ் அளவுக்கு குளிராது, ஆனா வெளிய இருக்கிறத விட நல்லாவே குறையுது. எங்க தாத்தா ராமநாதபுரத்துல இருந்து கப்பல் ஏறி வந்தப்ப இதே பானைலதான் தண்ணி குடிச்சிருப்பாரு. நான் லேப்டாப்ல வேலை பாக்குறேன், மருந்து மண்பானைல இருக்கு.

வேலைன்னதும் ஞாபகம் வருது. ஆன்லைன்ல தமிழ் ஆடியோ கேட்டு டைப் பண்ணி குடுக்குற வேலை எனக்கு. வெளிநாட்டு கம்பெனி, நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு காசு. கஷ்டப்பட்டா மாசம் 120 டாலர் பாக்கலாம். தம்பி இருந்தா அவன் சம்பாதிப்பான், 2024 பிப்ரவரில பட்டாளத்துக்கு கட்டாயமா ஆள் எடுக்கிற உத்தரவு வந்ததுக்கு அப்புறம் அவன் வயசு பசங்க நெறைய பேர் மாதிரி அவனும் இங்க இல்ல, எங்கன்னு நான் எழுதமாட்டேன், நீங்களும் கேக்கமாட்டீங்க. அதனால இந்த 120 டாலர்தான் வீடு. போன வாரம் மூணு ஃபைல் நேரத்துக்கு ஏத்த முடியல, கரண்ட் இல்லாதப்ப டவர்லயும் சிக்னல் செத்துப்போகுது. கரண்ட் இல்லன்னு அவங்களுக்கு மெயில் போட்டேன். "போன மாசமும் இதே காரணம்தான சொன்னீங்க"ன்னு பதில் வந்துச்சு, அக்கவுண்ட நிறுத்தி வெச்சுட்டாங்க. அவங்க மேல கோவமே வரல, ஒரு ஊர்ல நாளைக்கு எப்ப கரண்ட் வரும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு நான் சொன்னா எந்த நாட்டுக்காரன் நம்புவான். எட்டு மணி நேரம்தான் வரும்னு உறுதியா தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி வேலை எடுப்பேன், நாலு மணி நேரம்னாலும் எடுப்பேன். தெரியணும் எனக்கு.

அந்த டாலர் கைக்கு வர்ற கதைய எழுதினா இது திறந்த மடல் ஆகாது, வாக்குமூலம் ஆயிடும். 2022 ஏப்ரல்ல வெளிநாட்டு காசு வந்தா ஒரே நாள்ல கியாட்டா, அதாவது எங்க ஊர் காசா மாத்தணும்னு உத்தரவு வந்துச்சு, அப்ப டாலருக்கு 1850 கியாட், அப்புறம் ஆகஸ்ட்ல 2100. வெளிச் சந்தைல நாலாயிரத்துக்கு மேல போய் ரொம்ப நாளாச்சு. நான் ராத்திரி முழுக்க முழிச்சு டைப் பண்ணினதுல எவ்வளவு எந்தப் பக்கம் போகுதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அரசியல் பேசமாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டுதான் உக்காந்தேன். ஆனா ஒண்ணு. இந்த ஊர்ல எதையும் சொல்லாம செய்யுறது ஒரு வியாதி. 1987 செப்டம்பர்ல ஒரு நாள் திடீர்னு 25, 35, 75 கியாட் நோட்டு செல்லாதுன்னாங்க, பதிலுக்கு ஒண்ணும் குடுக்கல, எங்க அப்பா கடைல சேத்து வெச்சிருந்தது எல்லாம் காகிதம் ஆச்சு. அப்புறம் வந்தது 45, 90ன்னு ஒம்போதால வகுபடுற நோட்டு, சில்லற குடுக்கிறதுக்கு அப்பா விரல் விட்டு எண்ணுவாரு. 2005 நவம்பர்ல ஒரு நாள் விடியக்கால தலைநகரத்தையே லாரில ஏத்திக்கிட்டு நேப்பிடாவுக்குப் போனாங்க, நாங்க டீக்கடைல கேள்விப்பட்டோம். தலைநகரம் போறதயே சொல்லாதவங்க ஃபியூஸ் போறதயா சொல்லப் போறாங்கன்னு எதிர் வீட்டு அண்ணன் கேக்குறாரு. நம்ம கடல்ல எடுக்குற கேஸ் பைப்ல தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் நேரம் தவறாம போகுதாம், நல்லா போகட்டும், அங்கயும் யாராவது அம்மாவுக்கு ஃபிரிட்ஜ் இருக்கும். சென்னை வியாசர்பாடில இருக்கிற எங்க அத்தை மக, அறுபதுகள்ல இங்கிருந்து கப்பல்ல போன குடும்பம், போன வாரம் ஃபோன்ல "இங்க ஒரு மணி நேரமா கரண்ட் இல்லடி, செத்துட்டோம்"னு அழுறா. முன்னாடியே எஸ்எம்எஸ் வந்துச்சாம். எனக்கு கரண்ட் மேலகூட பொறாம வரல, அந்த எஸ்எம்எஸ் மேல வந்துச்சு.

மன்னிச்சுக்கோங்க, எங்கயோ போயிட்டேன். உங்க ஆபீஸ்ல கவுண்டர்ல இருக்கிற பொண்ணோ கம்பம் ஏறுற பசங்களோ காரணம் இல்லன்னு தெரியும், அந்தப் பொண்ணே "அக்கா, எங்க வீட்லயும் இல்ல"ன்னு மெதுவா சொல்லுச்சு. அணைல தண்ணி எவ்வளவு, கரண்ட் டவர எவன் சாய்ச்சான், இதெல்லாம் உங்க கைல இல்ல. ஆனா ஒரு தாள்ல எழுதி ஒட்டுறது உங்க கைலதான இருக்கு. அறிவிப்ப ஃபேஸ்புக்ல போட்டோமேன்னு அன்னிக்கு கவுண்டர்ல ஒருத்தர் சொன்னாரு. சயா, ஃபேஸ்புக்க 2021 பிப்ரவரில தடுத்தாச்சு, தடைய சுத்திப் போற விபிஎன் போட்டு பாத்துக்கிட்டிருந்தோம், 2024ல அதையும் பிடிச்சு நிறுத்தியாச்சு. அதத் தாண்டி ஒருத்தன் அந்த அறிவிப்ப படிச்சா பாராட்டுவீங்களா, பிடிப்பீங்களா? தெரு முக்குல ஒட்டுங்க போதும். இல்லன்னா வார்டு ஆபீஸ் மைக்ல சொல்லுங்க, நன்கொடைக்கு மணிக்கணக்கா கத்துற மைக் அது, ரெண்டு நிமிஷம் கரண்ட் பத்தியும் பேசலாம்.

ஆக தயவு செஞ்சு, டைம்டேபிள்ல எழுதின நேரத்துக்கு குடுங்க. இன்னும் குறைக்கணும்னா குறைச்சுக்கோங்க, ஆறு மணி நேரம்னு எழுதுங்க, அஞ்சுன்னு எழுதுங்க, அதுபடி செய்ங்க. மாத்துறதா இருந்தா ஒரு நாள் முன்னாடி சொல்லுங்க, நான் ஐஸ நிதானமா வாங்கி, துணிய ரெண்டு சுத்து கூட சுத்தி வெச்சுக்கறேன். புதுசா ஒட்டும்போது எங்க வீட்டுக்கு ஒரு காப்பி பெரிய எழுத்துல குடுத்தா ரொம்ப உதவியா இருக்கும், பர்மீஸ்லயே இருக்கட்டும், அம்மா நல்லா படிப்பாங்க, சுகரால கண்ணு கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
நாலாவது மாடி.

பேரும் மீட்டர் நம்பரும் போடலாம்னுதான் இருந்தேன். போட்டா இருக்கிற கரண்ட்டும் போயிடும்னு அம்மா வேண்டாம்னுட்டாங்க.