மனுவில் என் கையெழுத்து ஏன் இல்லை

எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் என் வீட்டுக்குச் சுற்றுக்கு வந்த மனுவைப் படித்தேன். நங்கநல்லூரின் அமைதியான குடியிருப்புச் சூழல் கெடுகிறதாம். ஆகவே தெருமுனைத் தள்ளுவண்டிக் கடைகளை மாநகராட்சி உடனே அகற்ற வேண்டுமாம். பக்கம் நிறையக் கையெழுத்துகள். என்னுடையது இல்லை. மாடிப்படியில் நிறுத்தி ஏன் என்று கேட்பீர்கள். அங்கே நின்று சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த அமைதி. மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்கள் தொலைக்காட்சிச் செய்தியில் பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுகின்றன. அவற்றின் மேல் நாம் மனு போட்டதில்லை. சுண்டல்காரரின் மணியோசைதான் நம் காதைக் குடைகிறது!

எனக்கு இந்த விஷயத்தில் பேசத் தகுதி உண்டு. ஐப்பசியிலிருந்து தை வரை என் மனைவி மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தாள். நங்கநல்லூரில் இது எந்த வீட்டிலும் நடப்பதுதான். சமையலில் எனக்கு வெந்நீர் வரைக்கும்தான் பழக்கம். அந்த நான்கு மாதமும் இந்தப் பேட்டையைக் காலை முதல் இரவு வரை வாயால் அளந்தேன்.

விடியற்காலை ஐந்தரைக்குக் காபி. பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு முதல் கூட்டம் போகத் தொடங்கும் நேரம். டபராவில் நுரையோடு வந்த காபியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை; சிக்கரி எத்தனை பங்கு என்று சண்டை போடாத மனிதர் நம் தெருவில் உண்டா? அதை விட்டுவிடுகிறேன்.

ஏழு மணிக்கு இட்லிக்கார அம்மா. மனுவில் முதல் இடம் இவருக்குத்தான் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு நாள் அருகில் நின்று பாருங்கள். குழித்தட்டில் ஈரத் துணி விரித்து மாவை ஊற்றுகிறார். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் கையால் நீர் தெளித்து, ஓர் ஓரத்திலிருந்து உரிக்கிறார். ஒரு இட்லிகூடக் கிழிவதில்லை. துணியின் இழைத்தடம் இட்லியின் மேல் அப்படியே பதிந்திருக்கும். ஆவி அடங்குமுன் இலைக்கு வந்துவிடும். நான் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது, "சாரைக் காணோமே" என்று விசாரித்துத் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சி அனுப்பியவர் அவர். மன்னிக்கவும், சங்கத்திலிருந்து அப்போது எனக்கு வந்தது பராமரிப்புச் சந்தா நினைவூட்டல் ஒன்றுதான்.

பத்து மணி வெயிலில் கூழ் வண்டி. புளித்த கேழ்வரகுக் கூழை மோரில் கரைத்து எவர்சில்வர் சொம்பில் கொடுப்பார்கள்; சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொள்ள. ஆட்டோக்காரர்களும் கட்டட வேலைக்காரர்களும் அங்கே நிற்கிறார்கள். நம் வீடுகளைக் கட்டுகிறவர்கள் சாப்பிட வேறு எங்கே போவார்கள் என்று மனுவில் ஒரு வரிகூட இல்லை.

மதியம் மெஸ். சனிக்கிழமையானால் ஆஞ்சநேயர் கோயில். ஒரே கல்லில் 32 அடி உயரமாக நிற்பவர். 1995-இல் கும்பாபிஷேகம் நடந்ததிலிருந்து வெளியூர்க்காரர்களுக்கு நம் ஊரின் முகவரியே அவர்தான். தொன்னையில் வாங்கிய பொங்கலை வாசலில் நின்றபடி சாப்பிடுகிறோம். அதுவும் தெருவில் நின்று சாப்பிடுவதுதானே? கோயில் வாசலில் பக்தி, பஜ்ஜி வண்டி முன் இடையூறா?

மாலையில் இளநீர், ஆறு மணிக்கு மிளகாய் பஜ்ஜி, எட்டரைக்குச் சைக்கிளில் வரும் சுக்குக் காபி. விரிவாகச் சொன்னால் என் மருத்துவர் படித்துவிடுவார் என்று பயம்.

குறைகள் இல்லை என்று சொல்லமாட்டேன். மீந்த எண்ணெயை மழைநீர் வடிகாலில் ஊற்றியதை நானே பார்த்துச் சண்டை போட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. சட்னி இன்னும் அதில்தான் கட்டித் தரப்படுகிறது. இவற்றைக் கேட்பது நியாயம். ஆனால் "நடைபாதையை அடைத்துவிட்டார்கள்" என்று எழுதும்போது நம் வாசல்களைப் பார்த்தோமா? பாதி நடைபாதையைக் கார் ஏறும் சரிவுகள் தின்றுவிட்டன, மீதியில் உறை போர்த்திய கார்கள் தூங்குகின்றன. என் காரும் அதில் ஒன்று.

சட்டமும் உங்கள் மனுவுக்குச் சாதகமாக இல்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. பிறகு இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதில் நகர விற்பனைக் குழுவைக் கலந்தாக வேண்டும். அதன் உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குடியிருப்போர் சங்கங்களுக்கும் அதில் இடம் உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேச வழியிருக்க, அகற்று என்று ஏன் கடிதம் எழுத வேண்டும்?

ஆகவே இந்த மனுவை நிறுத்திவையுங்கள். வேறொன்று எழுதுவோம்: நம் பகுதி வியாபாரிகளுக்குச் சான்றிதழ், மூலைக்கு ஒரு குப்பைத் தொட்டி, கைகழுவ ஒரு குழாய், பழைய எண்ணெயைச் சேகரிக்க ஓர் ஏற்பாடு, இரவு எத்தனை மணி வரை என்பதில் ஒரு ஒப்பந்தம். அதற்கு முதல் கையெழுத்து என்னுடையது. சுண்டல்காரரிடம் மணியை மெதுவாக அடிக்கச் சொல்லும் பொறுப்பையும் நானே ஏற்கிறேன்.

பழைய மனுவைக் கையெழுத்தின்றி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இரண்டாம் பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே படித்தேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக்காரன்