கோடு போடும் முன்பே கூப்பிடுங்கள்: மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும், போக்குவரத்துக் காவல் துறை அதிகாரிகளுக்கும், சாலைகளை வரைந்து கட்டும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் சைக்கிள் குழுவில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அட்டை கிழிந்து, மழையில் நனைந்து காய்ந்து, பக்கங்கள் உப்பிப் போயிருக்கும். யார் எந்த இடத்தில் மயிரிழையில் தப்பினார்கள் என்பதை மட்டும் அதில் எழுதுகிறோம். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, அவ்வளவுதான். அடிபட்டவர்களின் கணக்கு உங்களிடம் இருக்கிறது. அடிபடாமல் வீடு வந்து சேர்ந்தவர்களின் கணக்கு இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இதைத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எங்களோடு பல ஆண்டுகள் ஓட்டிய ஒருவர், எங்களில் பாதிப் பேருக்குப் பஞ்சர் ஒட்டக் கற்றுக் கொடுத்தவர், ஒரு சந்திப்பில் திரும்பிய லாரியின் பின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அன்று மாலை அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் மெல்லச் சொன்னார்: “போன மாதம் அதே முனையில் நான் தப்பினேன்.” பக்கத்தில் இருந்தவர் “நானும்தான்” என்றார். அந்த முனை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதையே பல மாதமாக வழக்கமாக்கிக் கொண்டதாக ஒரு பெண்மணி சொன்னார். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் உங்களிடம் வந்து சொல்லவில்லை. நீங்களும் எங்களைக் கேட்கவில்லை. இன்னொரு முனையில் இது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மடல்.

அங்கே நடந்ததை விதி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். அந்தச் சாலையில் வெள்ளைக் கோடு போட்டு சைக்கிளுக்கு என்று ஒரு பாதை ஒதுக்கியிருந்தீர்கள். நல்லது. ஆனால் சந்திப்புக்குச் சில மீட்டர் முன்னால் அந்தக் கோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கு அது மிகவும் தேவைப்படும் இடத்தில் அது இல்லை. ஓரமாகவே வந்து பழகிய சைக்கிள்காரர் சிக்னலில் லாரியின் பக்கவாட்டில் போய் நிற்கிறார். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணாடியில் அந்த இடம் விழாது. பச்சை விழுந்ததும் லாரி திரும்புகிறது. நீளமான வண்டியின் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பக்கத்தில் இருப்பவருக்கு முன் சக்கரம் விலகிப் போவது தெரியும், சரி, இடம் இருக்கிறது என்று தோன்றும், அடுத்த நொடி இடம் இருக்காது. அந்த ஓட்டுநர் குடித்திருக்கவில்லை. வேகமாகவும் வரவில்லை. அவரும் அன்றிலிருந்து நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டார்.

இதற்கு வழி இருக்கிறது. சைக்கிள்கள் நிற்கும் கோட்டை மற்ற வண்டிகளின் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால் போட்டால், நாங்கள் ஓட்டுநரின் கண்ணெதிரே நிற்போம். பச்சையை எங்களுக்குச் சில நொடி முன்னதாகக் கொடுத்தால், லாரி அசைவதற்குள் நாங்கள் சந்திப்பைத் தாண்டியிருப்போம். இடம் இருக்கிற சந்திப்புகளில், நெதர்லாந்தில் செய்வதுபோல் மூலையில் ஒரு சின்னத் திட்டு கட்டலாம். திரும்பும் வண்டி வேகத்தைக் குறைத்து, சற்றுச் சுற்றித்தான் திரும்ப முடியும். அதற்குள் சைக்கிள், வண்டி ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேராக வந்துவிடும், கண்ணாடியில் தேட வேண்டியதில்லை.

நோட்டில் இருக்கும் மற்றவை இதைவிடச் சின்ன விஷயங்கள். மழைநீர் வடிகாலின் மேல் போடும் கம்பி மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாக்கில் இருந்தால், சைக்கிளின் மெல்லிய டயர் இரண்டு கம்பிக்கு நடுவில் இறங்கிவிடும். சக்கரம் அங்கேயே நிற்கும், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறப்பார். நான் அப்படித்தான் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். அதே மூடியைக் கம்பிகள் குறுக்கே வரும்படி வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. மூடியைப் பதித்தவர் சைக்கிள் ஓட்டாதவராக இருந்திருக்கலாம், அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வரைபடத்திலேயே குறுக்காகக் கம்பி வரைந்திருந்தால் அவர் அப்படியே பதித்திருப்பார்.

அப்புறம் கார் கதவு. நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிச் சைக்கிள் பாதைக்குக் கோடு போடுகிறீர்கள். ஒரு கார் கதவு முழுதாகத் திறந்தால் அந்தப் பாதையின் பெரும்பகுதியை அடைத்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் அந்தக் கோட்டுக்கு வெளியே ஓட்டுகிறார்கள். பின்னால் வருகிற காவலர் “உனக்குத்தான் தனிப் பாதை இருக்கிறதே” என்று அதட்டுகிறார். அவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அந்தப் பாதை பாதுகாப்பானது என்றுதான் அவருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. காரிலிருந்து இறங்குகிறவர் கதவுக்குத் தள்ளி இருக்கும் கையால் கதவைத் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும். நெதர்லாந்தில் பழகிய வழக்கம் இது. பிரிட்டன் 2022-ல் தன் சாலை விதிகளில் இதைச் சேர்த்தது. ஓட்டுநர் உரிமம் கொடுக்கும்போது இதையும் செய்து காட்டச் சொல்லலாம். ஆனாலும் பழக்கத்தை நம்பிப் பாதை போடக் கூடாது. நிறுத்தும் இடத்துக்கும் சைக்கிள் பாதைக்கும் நடுவே ஒரு கதவு அகலம் இடைவெளி விடுங்கள்.

வேகத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டியின் மோதல் ஆற்றல், 30-ல் வரும் அதே வண்டியைப் போல ஏறக்குறைய 2.8 மடங்கு. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பது பள்ளியில் படித்ததுதான். தெருவில் அதை வேறு மாதிரி பார்க்கலாம். 50-ல் வருகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கு எடுக்கும் ஒரு நொடிக்குள் வண்டி 14 மீட்டர் கடந்துவிடும். காய்ந்த சாலையில் 30-ல் வருகிறவர் அதே 14 மீட்டருக்குள் நின்றே விடலாம். ஒருவர் பிரேக்கைத் தொடும் இடத்தில் இன்னொருவர் நின்றுவிட்டார். 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய நாடுகள், நடப்பவர்களும் சைக்கிள்களும் வண்டிகளும் கலந்து போகும் தெருக்களில் 30 கிலோமீட்டர்தான் எல்லையாக இருக்க வேண்டும் என்று அறிவித்தன. பலகை மட்டும் நட்டால் யாரும் குறைக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். தெருவை ஒடுக்க வேண்டும், வளைவைக் கூர்மையாக்க வேண்டும், வேகமாகப் போனால் ஓட்டுகிறவருக்கே அசௌகரியமாக இருக்கும்படி கட்ட வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். இரவில் விளக்கில்லாமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகப் போகும்போது சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு, பின்னால் வரும் பேருந்துக்கு வழிவிடாமல் போயிருக்கிறோம். அது சரியில்லை. இப்போது பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, இடைவெளி விட்டுப் போகிறோம். விளக்கு வாங்க முடியாதவர்களுக்குக் குழுவிலிருந்தே மாட்டி விடுகிறோம். ஹெல்மெட் போடச் சொல்லி நீங்கள் நடத்தும் முகாம்களுக்கும் வருகிறோம். விழும்போது அது தலையைக் காக்கும், எங்களில் சிலருக்குக் காத்தும் இருக்கிறது. ஆனால் திரும்பும் லாரியின் சக்கரத்தை ஹெல்மெட் நிறுத்தாது. எங்கள் நண்பர் ஹெல்மெட் போட்டிருந்தார்.

எங்களுக்கும் உங்களுக்கும் இதுவரை இருந்த உறவு இரண்டே வகைதான். கொடியசைத்துத் தொடங்கி வைக்கக் கூப்பிடுவீர்கள், படம் எடுப்பார்கள், கலைந்து போவோம். இல்லையென்றால் யாராவது இறந்த பிறகு நாங்கள் மனுவோடு உங்கள் அலுவலக வாசலில் நிற்போம். இரண்டுக்கும் நடுவில், ஒரு சாலை காகிதத்தில் இருக்கும்போது, எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. வேலை முடிந்து கோடு காய்ந்த பிறகு போய்ச் சொன்னால், “இனி அடுத்த முறைதான்” என்கிறார்கள். சாலையை மறுபடி போடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்தத் தவறின் மேல் நாங்கள் தினமும் ஓட்ட வேண்டும்.

இது மாறக் கூடியதுதான். இன்று சைக்கிள் நாடு என்று எல்லோரும் சொல்லும் நெதர்லாந்தில் 1971-ல் சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் நடத்தினார்கள். தெருவை மறித்தார்கள், விபத்து நடந்த இடங்களில் உட்கார்ந்தார்கள். என்னை மிகவும் தொட்டது அதற்கு அடுத்து நடந்ததுதான். அரசே அந்த இயக்கத்துக்கு நிதி கொடுத்தது. வாசலில் கத்திக்கொண்டிருந்தவர்கள் பாதுகாப்பான தெருவை எப்படி வரைவது என்று யோசனை சொல்கிறவர்களாக ஆனார்கள். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகராட்சி 1990-களிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சைக்கிள் கணக்கு ஒன்று வெளியிடுகிறது. எத்தனை கிலோமீட்டர் பாதை போட்டோம் என்பதோடு நிற்காமல், ஓட்டுகிறவர்கள் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறார்கள் என்றும் கேட்டு அச்சிடுகிறார்கள். பயத்தையும் ஓர் அளவாக எடுத்துக்கொள்ளும் நகராட்சி அது. எங்கள் கிழிந்த நோட்டுக்கு அங்கே ஓர் இடம் இருந்திருக்கும். நார்வேயின் ஆஸ்லோ நகரம் மையப் பகுதியில் கார் நிறுத்தும் இடங்களைப் பெருமளவு எடுத்துவிட்டு, வேகத்தையும் குறைத்தது. 2019-ல் அங்கே நடந்து போனவர்களோ சைக்கிளில் போனவர்களோ ஒருவர்கூடச் சாலை விபத்தில் இறக்கவில்லை.

பாதை போட்டால் ஓட்ட ஆள் வருமா என்று கேட்கிறீர்கள். ஸ்பெயினின் செவில்லில் 2006-ஐ ஒட்டி, துண்டு துண்டாகப் போடாமல், ஒன்றோடொன்று இணைந்த சுமார் 80 கிலோமீட்டர் பாதையை ஒரே மூச்சில் கட்டினார்கள். சைக்கிள் பயணம் சில ஆண்டுகளிலேயே பல மடங்கானது. அங்கே அதற்கு முன் சைக்கிள் கலாச்சாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆள் கூடினால் விபத்தும் அதே அளவு கூடிவிடும் என்ற பயமும் வேண்டாம். 2003-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஓட்டுகிறவர்கள் இரண்டு மடங்கானால் அடிபடுகிறவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறார்கள். சைக்கிளை எதிர்பார்க்கப் பழகிய கண் சைக்கிளைப் பார்க்கிறது.

நாங்கள் பேசுவது எங்களுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் குழுவில் சேராத சைக்கிள்காரர்கள்தான் இந்த நகரத்தில் அதிகம். விடிவதற்கு முன் வேலைக்குப் போகிறவர், பின் சீட்டில் மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர், பொட்டலம் கொண்டு சேர்க்க நேரத்தோடு ஓடுகிறவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை. அவர்கள் கூட்டத்துக்கு வர மாட்டார்கள், மனு எழுத மாட்டார்கள். பெண்களுக்கு நாங்கள் நடத்தும் பயிற்சி வகுப்பில் நன்றாக ஓட்டக் கற்றுக்கொண்டு, சாலையில் ஒரே ஒரு நாள் போய்விட்டு, சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டவர்கள் நிறையப் பேர். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: “பயமாக இருக்கிறது.” அவர்கள் எந்த விபத்துப் பதிவேட்டிலும் வர மாட்டார்கள்.

நாங்கள் கேட்பது பெரிய தொகை பிடிக்கும் விஷயம் இல்லை. ஒரு சாலையின் வரைபடம் ஒப்பந்தத்துக்குப் போகும் முன் அதை எங்களிடம் காட்டுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே பொறியாளர், ஒரே காவல் அதிகாரி எங்களோடு உட்காரட்டும்; ஆள் மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. விபத்துப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் தப்பியவர்களுக்கும் ஓர் ஏடு திறந்து வையுங்கள். நோட்டின் நகல் ஒன்றை இந்த மடலோடு உங்கள் அலுவலகத்தில் கொடுக்கிறோம்.

இன்னொன்றும் கேட்கிறோம். ஒரு வேலை நாள் காலை, எல்லோரும் அலுவலகம் போகும் நேரத்தில், எங்களோடு ஓட்ட வாருங்கள். சாலையை மறிக்க வேண்டாம், முன்னால் சைரன் வண்டி வேண்டாம். நோட்டில் இருக்கும் முனைகள் வழியாகப் போகலாம், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று அந்தப் பெண்மணி காட்டுவார். சைக்கிள் நாங்கள் கொண்டு வருகிறோம். உங்கள் உயரத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் சீட்டைச் சரிசெய்து வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தினமும் இந்தச் சாலைகளில் சைக்கிள் ஓட்டும் உங்கள் நகரவாசிகளில் ஒருவர்