அட்லஸ் என்ற பெயர்: கண்காட்சியை முன்னிட்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் கொஞ்ச நாளாக வீட்டில் அட்லஸைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களில் பலர் சொன்னீர்கள். "அட்லஸ்தான் ஏற்கெனவே வாங்கிக் கொடுத்துவிட்டோமே, இன்னும் என்ன?" என்று கேட்டவர்களும் உண்டு. வகுப்பில் என்ன நடக்கிறது, இம்மாதக் கடைசிச் சனிக்கிழமை நடக்கவிருக்கும் கண்காட்சிக்கு உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதை விவரமாகவே எழுதிவிடுகிறேன். கடிதம் சற்று நீளம்தான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி வரைபடத்தில் மொராக்கோவைத் தேடிக்கொண்டிருந்தாள். அங்கே அட்லஸ் மலைத்தொடர் என்று போட்டிருந்தது. "புத்தகத்துக்கும் அதே பேர், மலைக்கும் அதே பேர். எது முதலில்?" என்று கேட்டாள். ஆசிரியர் பதிலைச் சொல்லி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், தேடிக் கண்டுபிடியுங்கள் என்று வகுப்பிடமே விட்டுவிட்டார். அது நூலகத்துக்குப் போய், அறிவியல் வகுப்புக்குத் தாவி, இப்போது மூன்று வகுப்புகளின் வேலையாகிவிட்டது.

முதலில் வந்தது மலையும் இல்லை, புத்தகமும் இல்லை. கிரேக்கப் புராணத்தில் வரும் அட்லஸ் என்ற ஒருவன். தைத்தன்கள் (டைட்டன்கள்) என்னும் பழைய தெய்வ இனத்தைச் சேர்ந்தவன். சீயஸின் தலைமையிலான புதிய தெய்வங்களுக்கும் தைத்தன்களுக்கும் பத்தாண்டுப் போர் நடந்து, தைத்தன்கள் தோற்றார்கள். உலகத்தின் மேற்கு ஓரத்தில் நின்று வானத்தைத் தாங்க வேண்டும் என்று அட்லஸுக்குத் தண்டனை கிடைத்தது.

வானத்தை என்பதைக் கவனியுங்கள். அவன் பூமியைத் தூக்கி நிற்பதாகத்தான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் ஊர்க் கதையில் பூமியைத் தாங்குகிறவர் ஆதிசேஷன், அதனால் அட்லஸும் அப்படித்தான் என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். இத்தாலியின் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஃபர்னீசே அட்லஸ் என்ற பழைய பளிங்குச் சிலை இருக்கிறது. அதன் படத்தை எட்டாம் வகுப்பில் பெரிதாக்கிக் காட்டினோம். தோளில் இருக்கும் உருண்டையில் கண்டங்களோ கடல்களோ இல்லை. காளை, நண்டு, சிங்கம் என்று விண்மீன் கூட்டங்கள்தான் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளே பார்த்துக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் வாயே திறக்கவில்லை.

அட்லஸ் வரும் கதைகளில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது ஹெராக்ளீஸ் என்னும் கிரேக்க வீரன் வரும் பகுதி. மேற்கே ஒரு தோட்டத்தில் இருக்கும் தங்க ஆப்பிள்கள் அவனுக்கு வேண்டும். "நான் பறித்து வருகிறேன், அதுவரை வானத்தை நீ பிடித்துக்கொள்" என்கிறான் அட்லஸ். ஆப்பிளோடு திரும்பியவனுக்குப் பழைய சுமையை மறுபடி ஏற்க மனமில்லை. ஹெராக்ளீஸ் பதறவில்லை. "சரி, நானே சுமக்கிறேன். ஒரு சும்மாடு மட்டும் வைத்துக்கொள்கிறேன், ஒரு நிமிடம் பிடி" என்கிறான். அட்லஸ் ஆப்பிள்களைக் கீழே வைத்துவிட்டு வானத்தை வாங்கிக்கொள்கிறான். ஹெராக்ளீஸ் ஆப்பிள்களை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறான். சும்மாடு என்றால் என்ன என்று ஆறாம் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லியிருக்கிறோம். ஒரு துண்டைச் சுருட்டி, தலையில் வைத்துக் காட்டிவிடுங்கள்.

பெயர் அங்கிருந்து பரவியது. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா என்று சுமார் 2,500 கிலோமீட்டர் நீளும் மலைத்தொடருக்கு அது நிலைத்தது. அட்லஸே கல்லாகி மலையானான் என்று ஒரு கதையும் உண்டு. மலைத்தொடரின் உயரமான சிகரம் துப்கல், 4,167 மீட்டர். அங்கே காலங்காலமாக வாழும் அமாசிக் மக்களுக்கு அவர்கள் மொழியில் வேறு பெயர்கள் இருக்கின்றன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். வெளியார் வைத்த பெயர்தான் வரைபடத்தில் ஏறியது. இந்த மலையைத் தாண்டி மேற்கே விரியும் கடல் அட்லாண்டிக். அட்லஸின் கடல் என்று 2,400 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சரி, புத்தகத்துக்கு எப்படி வந்தது? எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

ஜெரார்ட் மெர்கேட்டர் 1512இல், இன்றைய பெல்ஜியத்தில் பிறந்தவர். செப்புத் தகட்டில் வரைபடம் செதுக்குவார், உலக உருண்டைகள் செய்வார், கணிதமும் தெரியும். 1544இல் மதத்துக்கு விரோதமானவர் என்ற குற்றச்சாட்டில் ஏழு மாதம் சிறையில் இருந்தார். 1569இல் அவர் வெளியிட்ட உலக வரைபடத்தின் முறைதான் நம் வகுப்பறைச் சுவர்களில் தொங்கும் பல வரைபடங்களில் இன்றும் இருக்கிறது. கைபேசி வரைபடங்கள் பலவும் அதன் ஒரு வடிவத்தையே பயன்படுத்துகின்றன. மாலுமிகளுக்குத் திசை தவறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அமைத்த முறை அது. அதனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலப்பரப்பு பெரிதாகித் தெரியும். கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவு போலக் கண்ணுக்குப் படும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. வீட்டில் உலக உருண்டை இருந்தால் சுவர் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விடுங்கள். அச்சில் வந்துவிட்டது என்பதற்காக எதையும் அப்படியே நம்பக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, இந்த ஒரு பயிற்சியில் ஏறிவிடுகிறது.

வரைபடங்களைத் தொகுத்து நூலாக்கியவர்களில் மெர்கேட்டர் முதல்வர் இல்லை. அவருடைய நண்பர் ஆபிரகாம் ஓர்டேலியஸ் 1570இலேயே அப்படி ஒரு நூலை வெளியிட்டார், ஆனால் அதன் பெயர் வேறு. மெர்கேட்டர் 1594இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய மகன் ருமோல்ட் வெளியிட்ட பெரும் தொகுப்புக்குத்தான் அட்லஸ் என்று பெயர். இதில் பிள்ளைகள் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. மெர்கேட்டர் மனத்தில் வைத்திருந்தது வானம் சுமந்த தைத்தனை இல்லை. வட ஆப்பிரிக்காவின் மௌரித்தேனியாவை ஆண்டதாகப் பழங்கதை சொல்லும் அட்லஸ் என்ற அரசனை. வானவியலும் தத்துவமும் அறிந்தவன், முதன்முதலில் வான உருண்டை செய்தவன் என்று அந்தக் கதை சொல்கிறது. உலகத்தை அளந்து புரிந்துகொள்ள முயன்ற ஒருவனின் பெயரைத்தான் தன் வாழ்நாள் உழைப்புக்கு மெர்கேட்டர் தேர்ந்தெடுத்தார். பாரம் சுமந்து நின்றவனை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நம் பிள்ளைகளுக்கும் படிப்பு அப்படி இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அறிவியல் வகுப்பில் கழுத்தெலும்பு. கழுத்தில் இருக்கும் ஏழு முள்ளெலும்புகளில் முதலாவதின் பெயர் அட்லஸ், மண்டையோட்டைத் தாங்குவதால். மற்ற முள்ளெலும்புகளுக்கு இருக்கும் கட்டியான உடல்பகுதி இதற்குக் கிடையாது. வளையம் போல இருக்கும். அடுத்த எலும்பிலிருந்து ஒரு முளை நீண்டு இந்த வளையத்துக்குள் நிற்கிறது. நாம் "ஆமாம்" என்று தலையை மேலும் கீழும் ஆட்டுவது மண்டையோடும் அட்லஸும் சேரும் இடத்தில். "இல்லை" என்று பக்கவாட்டில் ஆட்டுவது பெரும்பாலும் அட்லஸும் அந்த முளையும் சேரும் இடத்தில். பிள்ளைகள் கழுத்தின் பின்புறம் கைவைத்துக்கொண்டு ஆமாம், இல்லை என்று ஆட்டிப் பார்த்தபடி வகுப்பே ஒரே கலகலப்பு. பெரியவர்களின் தலை சுமார் 5 கிலோ இருக்கும். மணிக்கணக்காகக் குனிந்து கைபேசி பார்க்கிற பிள்ளையிடம் இதை ஒருமுறை சொல்லிப் பாருங்கள், திட்டுவதைவிட நன்றாக வேலை செய்யும்.

பூச்சிகளில் அட்லஸ் அந்துப்பூச்சி. சிறகு விரித்தால் 25 சென்டிமீட்டர் வரை வரும். இறக்கையின் நுனி பாம்புத் தலை போலத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, அதன் புழு கொய்யா இலையும் தின்னும். சிறகு முளைத்த பிறகு அது எதையும் உண்பதில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்தே மிச்சமுள்ள சில நாட்களை ஓட்டுகிறது. யார் வீட்டுப் பக்கமாவது வந்து உட்கார்ந்தால் தொடாமல் படம் மட்டும் எடுத்து அனுப்புங்கள்.

விண்வெளி என்று போனால் பட்டியலுக்கு முடிவே இல்லை. சனிக்கோளின் வளைய ஓரத்தில் அட்லஸ் என்றொரு குட்டி நிலா சுற்றுகிறது. நடுவில் தடித்து ஓரம் மெலிந்து, அசல் ஆப்பம். 1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் பூமியை மூன்று முறை சுற்றிவந்தது அட்லஸ் ராக்கெட்டில் ஏறித்தான். 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸ் ஸ்டார்லைனரில் கிளம்பினாரே, அந்தக் கலத்தைத் தூக்கிச் சென்றதும் அட்லஸ் வரிசையில் வந்த ராக்கெட்தான். 2025 ஜூலை 1 அன்று சிலியிலிருந்த ஒரு தொலைநோக்கி, நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்மீன் ஒன்றைக் கண்டது. அந்தத் தொலைநோக்கித் திட்டத்தின் பெயர் அட்லஸ், ஆகவே வால்மீனுக்கும் அதே பெயர். சுவிட்சர்லாந்தின் ஜெனீவா அருகே நிலத்துக்கு அடியில், அணுவைவிடச் சிறிய துகள்களை ஆராயும் 7,000 டன் எடையுள்ள கருவியும் ஒரு அட்லஸ்தான். 2012இல் ஹிக்ஸ் என்னும் அடிப்படைத் துகளைக் கண்டதாக அறிவித்த இரண்டு கருவிகளில் அது ஒன்று.

உங்கள் தலைமுறைக்கு இந்தப் பெயர் கேட்டதும் நினைவுக்கு வருவது சைக்கிளாகத்தான் இருக்கும். 1951இல் ஹரியானாவின் சோனிபட்டில் தொடங்கிய அந்தக் கம்பெனியின் சைக்கிள் இன்னும் சில வீடுகளில் நிற்கிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கண்காட்சிக்குக் கொடுத்து உதவுங்கள்.

இதனால் பாடம் பின்தங்கிவிடாதா, பரீட்சைக்கு இது வருமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. நடத்த வேண்டிய பாடங்கள் எதுவும் நிற்கவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் வரைபடக் கேள்வி கட்டாயம் உண்டு. அதில் மதிப்பெண் இழப்பவர்கள் பெரும்பாலும் முதல் நாள் ராத்திரி இடங்களை மனப்பாடம் செய்தவர்கள். மொராக்கோ எங்கே என்று இப்போது தேடுகிற பிள்ளைக்கு அந்தச் சிரமம் வராது. அதைவிட முக்கியம், சமூக அறிவியலில் கேட்ட கேள்விக்கு உயிரியலிலும் இயற்பியலிலும் பதில் தேடலாம் என்று அவர்கள் தாங்களாகவே தெரிந்துகொண்டது. இத்தனை ஆண்டு ஆசிரியப் பணியில் நான் மிகவும் மகிழ்கிற விஷயம் அது.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். கடையில் விற்கும் அச்சிட்ட சார்ட்டுகளை வாங்கித் தராதீர்கள். கோணலாக இருந்தாலும் அவர்கள் வரைந்ததே வேண்டும். கைபேசியில் தேடித் தகவல் எடுத்தால், அதை மூடி வைத்துவிட்டுச் சொந்த நடையில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் பழைய அட்லஸ் இருந்தால் கிழிந்திருந்தாலும் கொடுத்தனுப்புங்கள். சோவியத் யூனியன் இருக்கிற பக்கம் ஒன்று கிடைத்தால் வகுப்புக்குப் பெரிய உதவி. உள்ளட்டையில் பெயர் எழுதி வையுங்கள், பத்திரமாகத் திரும்பி வரும். ஓசிரிஸ், அப்பல்லோ, பண்டோரா, டைட்டன் என்று வேறு பெயரைப் பிடித்துக்கொண்டு போக விரும்பும் பிள்ளைகளையும் தடுக்க வேண்டாம். ஓசிரிஸ் மட்டும் எகிப்தியத் தெய்வம், கிரேக்கம் இல்லை. அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

கண்காட்சி காலை 10 மணிக்குத் தொடங்கி மதியம் 1 மணி வரை நடக்கும். வேலைக்குப் போகிறவர்கள் அரை மணி நேரமாவது வந்து போகப் பாருங்கள். உங்கள் பிள்ளை மேசைக்கு மட்டும் போகாமல் மற்ற பிள்ளைகளிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இணைத்திருக்கும் சீட்டில் எத்தனை பேர் வருகிறீர்கள், என்ன பொருள் தருகிறீர்கள் என்று எழுதி வரும் வியாழனுக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்